மதில் சூழ்ந்த ஊரில் ஒரு வீடு

சென்னை நகரம் பிறந்த கதையைப் பள்ளி நாள்களில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். 1639-இல் ஆங்கில வணிகர் கடற்கரையில் ஒரு மணல்மேட்டைப் பெற்றனர், கோட்டை கட்டினர், ஊர் வளர்ந்தது என்பது பாடம். அவர்கள் அதற்கு முன்பு எங்கே இருந்தார்கள், அந்த இடத்தை ஏன் விட்டு வந்தார்கள் என்று எந்த ஆசிரியரும் நமக்குச் சொன்னதாக நினைவில்லை. அவர்கள் பழவேற்காட்டில் இருந்தார்கள். 1619-இல் இலண்டனில் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, 1621-இல் ஆங்கில வணிகர் சிலர் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையின் நிழலில் குடியேறினர். குடியிருப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது: கோட்டைக் காவற்படையின் செலவில் அவர்களும் பங்கு ஏற்க வேண்டும். கணக்குப் பார்த்தார்கள். வருகிற இலாபம் தங்குகிற செலவுக்குக் கட்டவில்லை. 1623-இல் மூட்டை கட்டினார்கள். 1626-இல் ஏரியின் வடகோடிக்கு அப்பால் உள்ள ஆறுமுகம் எனப்பட்ட துர்க்கராயப்பட்டினத்தில் ஒதுங்கினார்கள். அதுவும் பொருந்தாமல் போகவே தெற்கே இறங்கிச் சென்னப்பட்டினத்துக்கு வந்தார்கள்.

குடியிருக்க முடியாத விலை என்னும் ஒன்று இந்தக் கடற்கரை வரலாற்றைத் திருப்பியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலேயருக்குப் போக்கிடம் இருந்தது. கப்பல் இருந்தது, முதலாளிகள் இருந்தார்கள், கேட்டால் நிலம் கொடுக்க நாயக்கர்கள் இருந்தார்கள். அதே ஊரில், அதே மதிலுக்கு வெளியே, ஓலைக் குடிசையில் வாழ்ந்த மீனவருக்கு இவை எதுவும் இல்லை. நானூறு ஆண்டுகளாக மதிலுக்குள் யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள். குப்பத்து மக்கள் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

பழவேற்காட்டுக்குச் சென்றவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். மேற்கே ஏரி, இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. கிழக்கே மணல் தீவுகள், அதற்கப்பால் வங்கக் கடல். நடுவில், ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே பழைய ஊர். விசயநகரப் பேரரசின் காலத்தில் இது அப்பேரரசின் தலைசிறந்த துறைமுகங்களில் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசிய வணிகர் இங்குக் குடியேறினர். மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515 என்று பங்கு மரபு குறிக்கிறது. மயிலை மறைமாவட்டம் நிறுவப்பட்டது 1606-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், பழவேற்காட்டு இறைமக்களின் வயது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். ஆயர் வருவதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே செபமாலை உருண்டிருக்கிறது.

ஒல்லாந்தர் 1610-இல் வேங்கடபதி மன்னரின் இசைவுடன் பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் 1612-இல் வந்து அதைத் தாக்கி அழித்தனர். கிறிஸ்தவர் கிறிஸ்தவரின் கிடங்கைக் கொளுத்திய அந்த நிகழ்ச்சியில் நாம் பெருமை கொள்வதற்கு ஒன்றுமில்லை. அதன் விளைவாக எழுந்ததுதான் 1613-இல் கட்டி முடிக்கப்பட்ட கெல்டிரியா கோட்டை. அதைக் கட்டுவித்த வெம்மர் வான் பெர்கெம் என்பவரின் தாயகமான கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதிலும் உள்ள ஒல்லாந்தர் வணிகத்துக்கு இதுவே தலைமையிடம். வெடிமருந்துச் சாலை இருந்தது, நாணயச்சாலை இருந்தது. 'மலய' என்று ஒல்லாந்தர் ஏடுகளில் குறிக்கப்படும் அச்சுதப்ப செட்டியும் அவருடைய தம்பி சின்னண்ணாவும் இங்கிருந்து கீழைக் கடல் முழுவதும் வாணிகம் நடத்தினர். மரக்காயர்கள் தங்கள் தெருக்களில் மாடி வீடுகள் எழுப்பினர். பழவேற்காட்டுத் துணி உலகெங்கும் போயிற்று. இன்றும் 'பாளையக்காட்டு' லுங்கி என்று கடைக்காரர் சொல்வது இந்த ஊரின் பெயரைத்தான்.

அந்த மாளிகைகள் எதனால் கட்டப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. செங்கல் சூளையிலிருந்து வந்தது. தேக்கு உத்திரங்கள் கப்பலில் வந்தன. ஆனால் கல்லையும் கல்லையும் பிணைத்த சுண்ணாம்பு இந்த ஏரியின் அடியிலிருந்து வந்தது. ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கும் கிளிஞ்சல்களை இடுப்பளவு நீரில் நின்று கைகளால் அரித்தெடுத்து, கரையில் குவித்து, காளவாயில் இட்டு நீற்றுவார்கள். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்துக் காரையாக்குவார்கள். மட்டப்பா என்று நாம் சொல்லும் பழைய மேற்கூரையில் உத்திரங்களின் மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கி, இந்தக் காரையைத்தான் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். மதிலுக்குள் இருந்த வீடுகள் மதிலுக்கு வெளியே இருந்தவர்களின் கைவிரல்களிலிருந்து எழுந்தவை என்று சொன்னால் அது வெறும் சொல்லழகு அன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே நூற்றாண்டில் அதே துறையிலிருந்து மனிதர்களும் ஏற்றுமதி ஆயினர். பஞ்சம் வந்த ஆண்டுகளில், பசிக்குத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களைக் குழும்பணிக் கப்பல்கள் பத்தாவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் பல்லாயிரக்கணக்கில் அடிமைகளாகக் கொண்டு சென்றன. இதே காலத்தில் ஆம்ஸ்டர்டாம், ஆர்லெம், லெய்டன் நகரங்களின் செல்வந்தர்கள் தங்கள் ஊர் ஏழை மூதாட்டிகளுக்காக நடுமுற்றம் வைத்த அழகிய சிறு வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்தனர். 'ஹொஃப்யே' எனப்படும் அந்த முற்றங்களில் பல இன்றும் உள்ளன, மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கே கூரை கொடுத்த கையும் இங்கே கூரை பறித்த கையும் ஒரே வணிகச் சமுதாயத்தின் கைகள்தாம். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகள் இரண்டைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அவற்றைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. வீடுகள் காலியாகத் தொடங்கின. 1781-இல் நாகையை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டனர். சில ஆண்டுகளில் பழவேற்காடு மீண்டும் ஒல்லாந்தரின் தலைமையிடமாயிற்று. பிறகு கைமாறிக் கைமாறி, 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825-இல் முழுமையாக ஆங்கிலேயரிடம் வந்தது. கோட்டை இடிந்து அகழி மட்டும் மிஞ்சியது. ஒரு காலத்தில் செலவு தாங்காமல் ஓடிய ஆங்கிலேயருக்கு இப்போது ஊரே இலவசமாகக் கிடைத்தும் அது தேவைப்படவில்லை. சென்னை அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஊர் காலியாயிற்று, கடைத்தெருவில் வீடுகள் பூட்டிக் கிடந்தன, வாங்குவாரில்லை, விலை இறங்கியது. அப்படியென்றால் குப்பத்து மக்கள் உள்ளே வந்திருக்கலாமே?

வரவில்லை. காரணம் வீட்டின் விலை அன்று. வீட்டைக் காப்பதற்கான விலை.

சில ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டுக் கடைத்தெருவில், பாதி இடிந்த ஒரு பழைய வீட்டின் திண்ணையில் கூடையை இறக்கி வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்தவர். "இவ்வளவு பெரிய வீடு சும்மா கிடக்கிறதே அம்மா, வாடகைக்குக் கொடுக்க மாட்டார்களா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "குடுப்பாங்க ஐயா. ஆனா கூரைய யாரு பாக்கறது? ஒரு மழைக்கு ஒரு கூடை காரை விழுது. எங்க வீட்டு ஓலை விழுந்தா எம் புள்ள ஏறிக் கட்டிடுவான். இதுக்கு யாரைக் கூப்பிடறது?" என்றார். பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அந்த அம்மா மூன்று வரியில் முடித்துவிட்டார்.

உண்மை அதுதான். பனையோலைக் கூரை பழுதானால் உறவினர் நால்வர் கூடிக் கட்டிவிடுவர். மட்டப்பா ஒழுகினால் சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டனர். இருப்பவர்களின் கூலி ஏறிவிட்டது. காரை புளிக்கவும் காயவும் நாள்கள் ஆகும். சிமெண்டைப் பூசிவிட்டால் மலிவு. ஆனால் சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன் மேல் சிமெண்டு ஒட்டாது, உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துச் சுவரையே அரித்துவிடும். உவர்க்காற்று வீசும் ஏரிக்கரையில் இந்த அரிப்பு இன்னும் விரைவு. ஆகவே பழைய வீடு வாங்குவதற்கு மலிவு, வாழ்வதற்கு விலை மிகுதி. போதாக்குறைக்கு ஒரு வீட்டுக்குப் பதினைந்து வாரிசுகள். ஒருவர் மலேசியாவில், ஒருவர் மண்ணடியில், மற்றவர்கள் எங்கே என்று தெரியாது. கையெழுத்துப் போட ஆளில்லாத வீட்டுக்கு மழைதான் உரிமையாளர்.

வாடகை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். மாதச் சம்பளம் வாங்குகிறவர் கடன் பெற்றாவது கட்டிவிடுவார். ஏரி மீனவருக்கு மாதம் என்ற ஒன்றே கிடையாது. இறால் படும் நாள்கள் உண்டு. வலை வெறுமையாக வரும் வாரங்கள் உண்டு. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது; அப்போது ஏரி முழுவதுமே வெறும் தண்ணீர்தான். வாடகைக்கோ இந்தப் பருவம் எதுவும் தெரியாது; ஒன்றாம் தேதி மட்டும் தெரியும்.

சொந்த வீடு கட்டலாமே என்றால், அதற்கு மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும். குப்பங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்த மணல் பல இடங்களில் இன்னும் புறம்போக்கு என்றே ஏட்டில் இருக்கிறது. பட்டா இல்லையேல் வங்கிக் கடன் இல்லை. வங்கி கொடுக்காததை மீன் வணிகர் கொடுப்பார். அவர் வட்டி கேட்பதில்லை என்று மீனவர் நன்றியோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பிடித்த மீனையெல்லாம் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பதுதான் அதன் உடன்பாடு. சந்தையில் நூறு ரூபாய்க்குப் போவது அவரிடம் அதற்குக் கீழே போகும். அந்த வேறுபாடுதான் வட்டி. அது ஏட்டில் எழுதப்படுவதில்லை, ஆகவே முடிவதுமில்லை. ஓர் ஓட்டு வீட்டுக்காக வாங்கிய முன்பணம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தாக இறங்கிய குடும்பங்கள் உண்டு.

வீடு இப்படியிருக்க, தண்ணீரில் இதே மக்கள் வேறொரு முறையை வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. 'பாடு' என்று அதற்குப் பெயர். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்கள் சில உண்டு. அவற்றை எவரும் விலைக்கு வாங்க முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் முறை வைத்துக்கொண்டு மாறி மாறி அங்கே வலை கட்டுவர். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை விலகி நிற்க வேண்டும். பணமுள்ளவர் அதிக நாள் இருந்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைப் பொன்னுலகமாகக் காட்டவும் நான் விரும்பவில்லை. பாடு உரிமை பிறப்பால் வருவது. குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களுக்கு மட்டும் உரியது. பெண்களுக்கும், ஏரியையே நம்பிப் பிழைக்கும் தலித் மக்களுக்கும் இருளர்க்கும் அதில் இடமில்லாமல் போயிற்று. அவர்களில் நம் ஞானசகோதரர்களும் பலர். அதனால் பூசல்கள் எழுந்தன. ஆயினும், பொதுவான நல்ல இடத்தை அதிக விலை கொடுப்பவருக்கு விற்றுவிடக் கூடாது என்ற எண்ணம் இம்மக்களிடம் சட்டமாகவே இருந்தது. தண்ணீருக்கு இருந்த அந்தச் சட்டம் தரைக்கு இல்லை.

தரையில் அவர்கள் நகர்த்தப்படுகிறவர்களாகவே இருந்தனர். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு விண்வெளி ஏவுதளத்துக்காக 1969-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971-இல் முதல் ஏவூர்தி பறந்தது. தீவில் இருந்த குடிகள் பெயர்ந்தனர். தெற்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது அங்கிருந்த மீனவக் குப்பமும் இடம் மாறிற்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. அதையடுத்து அரசு 2005-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. கடலின் உச்ச நீர்மட்டக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போக இசைகிறவர்களுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம். போக இசையாதவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளலாம். உயிர்காக்கும் நோக்கம் அதில் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் படகும் வலையும் கரையில், வீடு தொலைவில் என்றால் இரவில் காற்று மாறும்போது யார் எழுந்து பார்ப்பது? மீனவருக்குக் கரையே பட்டறை, கரையே கிடங்கு. இலவச வீட்டின் விலை அங்கே நடக்கும் தொலைவில் ஒளிந்திருந்தது.

நகருக்குப் பெயர்ந்தவர்களின் நிலை வேறு. காசிமேட்டிலும் இராயபுரத்திலும் உறவினரை அண்டிப் போனவர்கள் வாரியக் குடியிருப்புகளை அறிவார்கள். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றம் பெற்றது. நகர நடுவில் அது முன்பு கட்டிய அடுக்கு வீடுகள் பழுதடைந்தபோது, இடித்துப் புதிதாக எழுப்பும் வேலையும் நடந்தது. நல்ல செயல்தான். ஆயினும் புளியந்தோப்பு கே.பி. பூங்காப் பகுதியில் அவ்வாறு எழுந்த புதிய அடுக்கு வீடுகளுக்குக் குடும்பத்துக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் பங்குத்தொகை கேட்கப்பட்டபோது, அங்கேயே வாழ்ந்தவர்கள் திகைத்துப் போனார்கள். மாற்றிக் கட்டப்பட்ட வீட்டுக்குள் பழைய குடித்தனக்காரர் திரும்ப முடியுமா என்ற கேள்வி இவ்வாறு நகரின் நடுவிலும் எழுகிறது.

இப்போது பழவேற்காட்டிலும் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க வேண்டும், சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. எழ வேண்டிய பேச்சுதான். வரலாற்றை மண்ணோடு மண்ணாக விடுவது எவருக்கும் நன்மையில்லை. ஆனால் மற்ற ஊர்களில் நடந்ததைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. புதுச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளை, முகப்புச் செலவில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க மறுபங்கைத் திட்டம் ஏற்க என்ற முறையில் அழகாகப் புதுப்பித்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. திண்ணையும் தாழ்வாரமும் மீண்டன. செலவில் தன் பங்கைப் போட முடிந்த உரிமையாளருக்கு அது பெருவரம். அந்த வீட்டின் பின்கட்டில் குறைந்த வாடகையில் குடியிருந்தவரைப் பற்றி எந்த விருதுப் பட்டயத்திலும் எழுத இடமில்லை. புதுப்பித்த வீடு விடுதியானால் ஒரு நாளைக்குக் கிடைப்பது, குடித்தனக்காரர் ஒரு மாதத்துக்குக் கொடுப்பதைவிட அதிகம். உரிமையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் கூரைக்குச் செலவழித்தவர்தானே.

தரங்கம்பாடி நமக்கு இன்னும் நெருங்கிய பாடம். அது 1620 முதல் 1845 வரை டேனியரின் ஊர். பழவேற்காட்டைப் போலவே கோட்டை, தேவாலயம், மதில்வாயில், பக்கத்தில் மீனவர் குப்பம். ஆழிப்பேரலையில் குப்பம் அழிந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் இரண்டு வேலைகள் ஒரே காலத்தில் நடந்தன. மீனவர்க்குக் கடலிலிருந்து தள்ளிப் புதிய குடியிருப்பு எழுந்தது. மதிலுக்குள் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டன. கடலை நோக்கிய பழைய பங்களா ஒன்று விருந்தினர் விடுதியாயிற்று. இரண்டு வேலைகளையும் செய்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. ஆனால் கடல் பார்க்கும் சாளரம் யாருக்கு வந்து சேர்ந்தது என்று பாருங்கள்.

லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தை யூபிலி ஆண்டுகளில் நாம் மீண்டும் மீண்டும் வாசிக்கிறோம். நிலம் திரும்பும், அடிமை விடுதலை பெறுவான் என்ற பகுதிகள் மறையுரைகளில் வரும். நடுவில் 29 முதல் 34 வரையுள்ள வசனங்கள் அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. அங்கே வீடுகளைப் பற்றி விந்தையான ஒரு வேறுபாடு சொல்லப்படுகிறது. மதில் சூழ்ந்த நகரில் ஒருவன் தன் வீட்டை விற்றால் ஓராண்டுக்குள் மீட்டுக்கொள்ளலாம். தவறினால் அது வாங்கியவனுக்கே என்றென்றும் சொந்தம், யூபிலியிலும் திரும்பாது. மதிலில்லாத சிற்றூரின் வீடோ வயல்வெளியாகவே கருதப்படும்; எப்போதும் மீட்கலாம், யூபிலியில் திரும்பிவிடும். வறியவனின் குடிசையை அவன் பிழைப்புக்கான நிலத்திலிருந்து பிரிக்கலாகாது என்று மோசேயின் சட்டம் கண்டிருக்கிறது. குப்பத்து வீடும் கரையும் ஒன்று என்று நம் மீனவர் சொல்வதும் அதுவே. ஆனால் நகர வீட்டை அந்தச் சட்டமும் சந்தைக்கு விட்டுவிட்டது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். லேவியர்களுக்கு மட்டும் விலக்கு: அவர்களுடைய நகரங்களின் வீடுகளை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். குருக்களுக்கும் பணியாளர்களுக்கும் கூரை உறுதி செய்யப்பட்டிருக்கிறது. பங்கு இல்லத்தின் கூரை ஒழுகினால் நன்கொடைப் பட்டியல் உடனே சுற்றிவருகிறதே, அதை நினைத்துக்கொண்டேன்.

திருச்சபை பிற்காலத்தில் மதிலுக்குள்ளும் நுழைந்தது. ஐக்கிய நாடுகள் அவை 1987-ஐ வீடற்றோர்க்கு உறைவிட ஆண்டாக அறிவித்தபோது, உரோமையின் நீதி, அமைதி ஆணைக்குழு அவ்வாண்டு டிசம்பரில் ஓர் ஏடு வெளியிட்டது. 'வீடற்ற உன் சகோதரனுக்கு நீ செய்தது என்ன?' என்பது அதன் தலைப்பு. தன் குற்றமின்றி உறைவிடம் இல்லாதிருப்பவர் அநீதிக்கு ஆளானவர் என்பது அதன் நிலை. இரக்கத்தின் மொழியை விட்டு நீதியின் மொழிக்கு அது வந்தது பெரிய நகர்வு. நம் நூலகங்களில் அதன் படி கிடைத்தால் வாசிக்க வேண்டும்.

ஆனால் ஏட்டைவிட எனக்கு அதிகம் துணைசெய்வது ஒரு தெரு. செருமனியின் ஆக்ஸ்பர்க் நகரின் நடுவே 'ஃபுக்கெரை' என்ற குடியிருப்பு இருக்கிறது. யாக்கோபு ஃபுக்கர் என்ற பெருவணிகர் 1521-இல் அதை அறக்கட்டளையாக நிறுவினார். பழவேற்காட்டில் போர்த்துகீசியர் வேரூன்றிய அதே ஆண்டுகள். வெறும் தற்செயல் அன்று இது: 1505-இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பற்படையில் ஃபுக்கர் குடும்பத்தின் பணமும் இருந்தது, மிளகின் இலாபம் அவர்கள் பெட்டிக்கும் போயிற்று. அந்த மனிதரைப் புனிதராக்க வேண்டியதில்லை. வட்டியும் சுரங்கமும் அரசியலும் அவருடைய தொழில்கள். எனினும் அவர் தன் ஊர்க் கத்தோலிக்க ஏழைகளுக்காக ஓர் ஒப்பந்தம் எழுதிவைத்தார். ஆண்டு வாடகை ஒரு ரைன் நாணயம். நாள்தோறும் நிறுவனருக்காகச் சில செபங்கள். அந்த வாடகை இன்றும் மாறவில்லை. இன்றைய நாணயத்தில் ஆண்டுக்கு 88 செண்டு, ஓர் ஐரோவுக்கும் குறைவு. இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுப்பாட்டனார் கொத்தனார். வறுமையில் இங்கேதான் வாழ்ந்தார். 1944 பிப்ரவரியில் குண்டுவீச்சில் குடியிருப்பின் பெரும்பகுதி அழிந்தது. மீண்டும் கட்டினார்கள், உள்ளே நவீன வசதிகளும் சேர்த்தார்கள். வாடகையைக் கூட்டவில்லை.

இது எப்படி முடிந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஃபுக்கர் வீடுகளை மட்டும் கட்டிவிட்டுப் போகவில்லை. கூரைக்கென்று முதலையும் ஒதுக்கி வைத்தார். அறக்கட்டளைக்குச் சொந்தமான காடுகளின் வருவாய் பழுதுபார்க்கும் செலவைத் தாங்குகிறது. பார்க்க வரும் சுற்றுலாக்காரர் நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார். அதுவும் கூரைக்கே போகிறது. தரங்கம்பாடியில் விருந்தினர் உள்ளே உறங்குகிறார். ஆக்ஸ்பர்க்கில் விருந்தினர் கட்டணம் செலுத்திவிட்டு வெளியே போகிறார், ஏழை உள்ளே உறங்குகிறார். கோட்டைக்குப்பத்து அம்மா கேட்ட கேள்விக்கு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை எழுதி வைத்திருக்கிறார்.

பழவேற்காட்டில் அது நடக்குமா? ஃபுக்கரைப் போன்ற செல்வர் நமக்கு வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கடைத்தெருவில் நான்கு பழைய வீடுகளை வாரிசுகளிடமிருந்து நீண்ட காலக் குத்தகைக்குப் பெற்று, சுண்ணாம்பு வேலையை ஏரிக்கரை இளைஞர்க்கே கற்றுக்கொடுத்துப் புதுப்பித்து, முன்கட்டைப் பயணிகளுக்கும் பின்கட்டைக் குப்பத்துக் குடும்பங்களுக்கும் விட்டால், முன்கட்டின் வருவாய் கூரையைப் பார்த்துக்கொள்ளும். வாடகையை ஒன்றாம் தேதிக்கு என்று வைக்காமல் இறால் பருவத்துக்கு என்று வைக்கலாம். குடியிருக்கும் முறையைப் பாடு முறையைப் போலவே சுற்றுக்கு விடலாம். அதில் பெண்களையும் இதுவரை பாடு இல்லாதவர்களையும் முதலில் சேர்க்கலாம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இதற்கு எத்தனை தடைகள் வரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வாரிசுகள் இசைய வேண்டும். கடலோர ஒழுங்குமுறை விதிகள் உண்டு. ஏரியின் பறவைகள் சரணாலய எல்லை உண்டு. அவற்றைவிட முதலில் வருவது வேறொன்று. நம் மறைமாவட்டங்களில் நகர நடுவே பழைய கட்டடங்கள் நமக்கும் உண்டு. அவற்றில் ஒன்றைப் புதுப்பிக்கும்போது அங்கிருந்த பழைய குடித்தனக்காரர் திரும்பி வந்தாரா என்று கேட்கும் வழக்கத்தை நாம் இன்னும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.

கடைசியாக நான் அங்குச் சென்றது ஒரு மாலைநேரம். அந்தத் திண்ணை வீட்டின் கதவில் புதிய பூட்டு ஒன்று தொங்கியது. சுவரில் சுண்ணாம்பால் ஏதோ அளவு எழுதியிருந்தார்கள். வாங்கியவர் யார், எதற்கு என்று தெருவில் எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. மீன்காரம்மாள் எதிர்ப்பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். "என்ன அம்மா, இடம் மாறிவிட்டீர்களே?" என்றேன். "நெழலுக்கு வந்தேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, மடவையை எடுத்துச் செதில் சீவத் தொடங்கினார். அந்த நேரத்தில் நிழல் திண்ணைப் பக்கம்தான் விழுந்திருந்தது.